அவ்வாறே வைத்துக்கொள்ளலாம்

விருத்தாசலம்,
5.6.2006

அன்பு மருமகள் பூங்கோதைக்கு,

பீங்கான் பேரரசனும் ஃபியூஸ் கட்டைச் சக்கரவர்த்தியுமாகிய உன் தாய்மாமன் பச்சமுத்து அனுப்பும் ஆசிகள் ஒரு வண்டி. இங்கே நானும் உன் அத்தை விருத்தாம்பாளும், ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்குச் சுகம். உன் உடம்பு தேறிவிட்டதா? மாப்பிள்ளை கார்முகில் கம்பெனியிலிருந்து நேரத்துக்கு வீடு திரும்புகிறாரா? ஓசூர்க் குளிருக்குக் கம்பளி போதுமா? இல்லையென்றால் சொல், என் சூளையையே பெயர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன்.

இனி ராஜாங்க விஷயம். வெள்ளிக்கிழமை மணிமுத்தாறு கல்வி வட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோபுர முத்திரை போட்டது. தபால்காரர் அதை இரண்டு கையாலும் கொடுத்தார். ஒரு கையில்தான் கொடுத்தார் என்று உன் அத்தை சொல்கிறாள். அவள் பேச்சை விடு. விஷயம் இதுதான். அந்த அலுவலகத்தில் பணியாளர் பிரிவு என்று ஒன்று இருக்கிறதல்லவா, வாத்தியார்களின் லீவு, மாறுதல், பதவி உயர்வு, ஓய்வு எல்லாவற்றுக்கும் தலையெழுத்து எழுதுகிற இடம், அது வாத்தியார்களுக்கு ஒழுங்காகச் சேவை செய்கிறதா என்று மதிப்பிட ஐந்து பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்ற முறையில் ஐந்தில் ஒருவன் நான். குழுத் தலைவி ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆண்டாள் டீச்சர். மற்ற மூவரையும் எண்ணிக்கைக்குச் சேர்த்திருக்கிறார்கள்.

இருபத்தேழு கேள்விகள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று நான்கு கட்டம். எனக்கு நான்கு கட்டம் போதாது. ஐந்தாவதாக 'மகா பாவம்' என்று ஒன்றைப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஒரு குழாய்ல தண்ணி வரலன்னு போயி கேக்கத் தெரியல, இவுரு ஆபீச அளக்கப் போறாராம்" என்றாள்.

செல்போன் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஊரே என்னைக் கெஞ்சுகிறது. போனில் என் குரல் போகும், என் எழுத்து போகுமா? ஆகவே கடிதம்தான்.

நீ போன வருஷம் ஏப்ரலில் லீவில் போனதுதான். மறுபடி சேருவதைப் பற்றி ஆபீசுக்கு ஏதோ எழுதியிருப்பதாகப் பொங்கலுக்குச் சொன்னாயே, என்ன ஆயிற்று? மாமன் கையில் அதிகாரம் இருக்கும்போதே சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
பச்சமுத்து

*

ஓசூர்,
14.6.2006

அன்புள்ள மாமாவுக்கு,

பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீங்களும் அத்தையும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

குழுவில் உங்களைப் போட்டது சந்தோஷம், மாமா. நான் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாதம் ஒரு கடிதம் ஆபீசுக்கு அனுப்பினேன். லீவு முடித்துப் பணியில் சேர அனுமதி கேட்டு. மூன்றுக்கும் பதில் இல்லை. இப்போது இங்கே ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறேன். லீவு கொடுக்க மாட்டார்கள், அதனால் நேரில் வர முடியவில்லை.

என் எஸ்.ஆர்., அதாவது பணிப் பதிவேடு, அங்கேதான் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும். எனக்கு அந்த வேலை வேண்டும். நல்லூரிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் போகாத ஊர்தான், இருந்தாலும் அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு வேண்டும். இதைச் சாதாரணமாகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பூங்கோதை

*

விருத்தாசலம்,
23.6.2006

அன்பு மருமகளுக்கு,

இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள். தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள். மாப்பிள்ளை இருந்தால் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன்.

நேற்று குழுவாகப் போனோம். பணியாளர் பிரிவு என்பது ஒரே ஒரு ஹால். அதில் பீரோக்கள் நிற்கின்றன, பீரோக்களின் மேல் கட்டுகள், கட்டுகளின் மேல் கட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மின்விசிறி, காகிதம் பறக்கும் என்று அதை யாரும் போடுவதில்லை. ஐந்து பேர் செய்யவேண்டிய வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். சூப்பிரண்டு விருத்தகிரி. உதவியாளர் வாசுகி. அந்தப் பெண்ணின் மேஜைக்குப் பின்னால் அவள் தலை தெரியவில்லை. கட்டுகளுக்கு நடுவிலிருந்து கை மட்டும் வந்து எங்களுக்கு நாற்காலி காட்டியது.

வராந்தாவில் வாத்தியார்கள் காத்திருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தவர் ஒருவர் ஏழாவது தடவையாக வருகிறாராம். அவர் பிறந்த தேதியை முப்பத்தொன்று ஜூன் என்று எழுதிவிட்டார்கள். அந்த நாள் வந்தால்தான் அவர் ரிட்டையர் ஆக முடியும், அது வரவே வராது, ஆகவே அவர் சாகாவரம் பெற்றவர் என்று விளக்கினேன். பாவம், அவர் சிரிக்கவில்லை. ஆண்டாள் டீச்சர் என்னை முறைத்துவிட்டு அவர் குறையை எழுதிக்கொண்டார்.

பிறகு உன் எஸ்.ஆரைக் கேட்டேன். ஆசிரியர் வரிசையில் இல்லை. லீவில் இருப்பவர்கள் வரிசையில் இல்லை. வேறு வட்டத்துக்கு மாறிப்போனவர்கள் வரிசையிலும் இல்லை. வாசுகி யோசித்துவிட்டு, ஜன்னல் ஓரத்துப் பீரோவைத் திறந்தாள். அதன் கதவில் 'முடிந்தவை' என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் படித்தேன், ஆனால் எனக்குப் புரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை எழுத்து மாறாமல் தருகிறேன்:

'மேற்படி ஆசிரியை பணியில் இருக்கும்போது காலமானார். பதிவேடு முடிக்கப்பட்டது. 20.4.2005.'

கோதை, நான் நாற்பது வருஷம் சூளை முன்னால் நின்றவன். ஆயிரத்து இருநூறு டிகிரியில் கண் சிமிட்டாதவன். எனக்குக் கால் இரண்டும் கழன்று அலுவலக வாசலுக்கு ஓடிவிட்டன, உடம்பு மட்டும் அங்கே நின்றது. "ஏம்மா, இந்தப் பொண்ணு போன வாரம் எனக்குக் கடுதாசி போட்டுருக்குது" என்றேன். விருத்தகிரி எட்டிப் பார்த்துவிட்டு, அதிர்ச்சியே இல்லாமல், "அப்புடிங்களா? ரெக்கார்டுல இல்லீங்களே" என்றார்.

உன் மூன்று கடிதங்களும் அதே கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றின் மேலும் ஒரே குறிப்பு: 'காலமானவர் பெயரில் வரப்பெற்ற கடிதம். நடவடிக்கை தேவையில்லை.'

நீ செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. உடனே பதில் எழுது. எழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் மாமன்,
பச்சமுத்து

*

ஓசூர்,
1.7.2006

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுங்கள். அத்தையிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். என் இடத்தில் வேறு யாரையாவது போட்டுவிட்டார்களா? அதைத் திருத்த என்ன வழி என்று சூப்பிரண்டு சொன்னார்? மூன்றாவது, நான் காலமானதாக அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? அவர்களாக எழுதியிருக்க மாட்டார்கள். ஏதாவது காகிதம் இருக்கும். அதை எடுத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள், மாமா.

இனிமேல் கடிதத்தைக் கீழே உள்ள முகவரிக்குப் போடுங்கள். பழைய முகவரிக்கு வேண்டாம்.

பூங்கோதை,
வேலைக்குச் செல்லும் பெண்கள் விடுதி,
அறை எண் 9, ஓசூர்.

*

விருத்தாசலம்,
9.7.2006

என் உயிருள்ள மருமகளுக்கு,

உன் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உன் அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் என்னை ஒன்றும் திட்டவில்லை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்.

விடுதி முகவரி எதற்கு? மாப்பிள்ளை வீட்டில் வெள்ளையடிக்கிறார்களா?

உன் முதல் கேள்விக்குப் பதில்: உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. போன வருஷம் அந்த ஊரை யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் ஆகஸ்ட் 25 அன்று மாறுதல் கலந்தாய்வு. அன்றைக்கு யாராவது கேட்டுவிட்டால் போயிற்று. அதற்குள் உன்னை உயிர்ப்பித்தாக வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விருத்தகிரி சொன்னது: "செத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்தவுங்களே வந்து, தப்புன்னு எழுதிக் குடுக்கணும். அப்பத்தான் திருத்த முடியும்." மூன்றாவது கேள்விக்குரிய காகிதம் வேறொரு கட்டுக்குள் இருக்கிறதாம். தேடித் தர இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்கள்.

நான் சும்மா இருப்பேனா? செவ்வாய்க்கிழமை உன் பள்ளிக்கூடத்துக்கே போனேன். பெண்ணாடத்துக்குப் போகும் கரும்பு டிராக்டரில் பாதி வழி, நடந்து பாதி வழி. உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், கோதை. பழைய ஹெட்மாஸ்டர் இரங்கல் கூட்டம் நடத்தினாராம். பிள்ளைகள் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்களாம். என்னைப் பார்த்ததும் ஆயா பாஞ்சாலை, "உங்க வூட்டுப் பொண்ணு போயிடுச்சே சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நீ உயிரோடு இருப்பதை நான் சொன்னபோது, எனக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னும் பலமாக அழுதாள். மாலையை நானே கழற்றினேன்.

வந்த கையோடு குழுவைக் கூட்டினேன். மேஜையைக் குத்தினேன், மை பாட்டில் கடலூர் வரை பறந்தது. எவன் இந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தானோ, அவன் பெயர், தகப்பன் பெயர், விலாசம் மூன்றும் எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சாக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஆண்டாள் டீச்சர் மட்டும், "ஆளு யாருன்னு தெரிஞ்சப்புறம் கோவப்படலாமே பச்சமுத்து" என்றார். நான் கேட்கவில்லை. இருபத்தேழு கேள்விகளில் இருபத்தாறுக்கு 'மகா பாவம்' போட்டுவிட்டேன். குடிநீர் வசதி மட்டும் சுமார்.

அவனைக் கண்டுபிடித்து மணிமுத்தாற்றில் தலைகீழாகத் தொங்கவிடாமல் உன் மாமன் ஓயமாட்டான்.

ஆசிகளுடன்,
பச்சமுத்து

*

விருத்தாசலம்,
28.7.2006

அன்புள்ள பூங்கோதைக்கு,

நலமா? நாங்கள் நலம். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

கோப்பு நேற்று முன்தினம் கிடைத்தது. படித்துக்கொண்டிருக்கிறோம். இந்த மாதிரி விஷயங்களில் யாரோ ஒருவர்மேல் மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது என்று தோன்றுகிறது. பழைய தாள்கள். எழுத்தும் தெளிவாக இல்லை. தீர்மானத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதலாமா என்று கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் நீ எனக்கு அனுப்பிய லீவு விண்ணப்பத்துக்கு நகல் ஏதாவது வைத்திருக்கிறாயா?

சூளையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பச்சமுத்து

*

ஓசூர்,
4.8.2006

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று முதலில் நினைத்தேன்.

நகல் இல்லை. அது மூன்று வரி விண்ணப்பம், மாமா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதினேன். 'குழந்தை பிறந்து இறந்துவிட்டது. உடல்நிலை சரியில்லை. மூன்று மாதம் விடுப்பு வேண்டும்.' அவ்வளவுதான். ஆபீசில் கொடுத்துவிடச் சொல்லி உங்களுக்கு அனுப்பினேன். கொடுத்துவிட்டதாக நீங்கள் பதில் எழுதினீர்கள்.

வீட்டில் வெள்ளையடிக்கவில்லை. மே மாதமே நான் தனியாக வந்துவிட்டேன். பழைய முகவரிக்கு வந்த உங்கள் கடிதங்களைத் தபால்காரர்தான் விடுதியில் கொண்டுவந்து கொடுத்தார். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். இங்கே தற்காலிக வேலையும் செப்டம்பரோடு முடிகிறது. அதனால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தை இவ்வளவு கேட்கிறேன். இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

காகிதத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை.

பூங்கோதை

*

விருத்தாசலம்,
12.8.2006

பூங்கோதை,

உன்னிடம் நலம் விசாரிக்கும் தகுதியை எப்படித் திரும்பச் சம்பாதிப்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உன்னைக் கொன்றது நான்தான்.

அந்தக் காகிதம் என் கையெழுத்தில் இருக்கிறது. கோப்பைப் பிரித்ததும் எழுத்தைப் பார்த்தேன். என் 'ழ'வுக்கு நான் போடும் வால் உனக்குத் தெரியும். அதை அந்த அறையில் நின்றிருந்த நான்கு பேரும் பார்ப்பதற்கு முன் கட்டை மூடினேன். நானே படித்துச் சொல்கிறேன் என்று வாங்கி, பதினேழு நாளாக மூடியேதான் வைத்திருந்தேன்.

உன் விண்ணப்பம் வந்தபோது எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. இதைப் படித்து எந்த அதிகாரி மனம் இரங்குவான் என்று நினைத்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே ஒன்று எழுதினேன். எழுதி முடித்து, உன் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதில் இருப்பது இது:

'மேன்மை தங்கிய சமூகத்துக்கு. என் மருமகள் ஆசிரியை பூங்கோதை, பிரசவத்தில் பேரிடி விழுந்து, கொடி சாய்ந்தாற்போல் சாய்ந்து, மூச்சொடுங்கிக் கிடக்கிறாள். எமனின் எருமை வாசலில் நின்று மணியாட்டுகிறது. இவ்வேளையில் ஓலைமேல் ஓலை அனுப்பி அவளை வதைக்க வேண்டாம். அவள் இனி இவ்வுலகில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.'

லீவு என்ற சொல் அதில் எங்குமே இல்லை. மூன்று மாதம் என்பதும் இல்லை. எருமைக்கு மணி கட்டிய நான் அதை மறந்துவிட்டேன்.

ஓரத்தில் வாசுகியின் குறிப்பு: 'கடிதத்தில் கோரியுள்ளபடி, மேற்படி ஆசிரியை இவ்வுலகில் இல்லை என்று அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.' அதன் கீழே விருத்தகிரி: 'வைத்துக்கொள்ளவும்.'

நேற்று வாசுகியிடம் தனியாகப் போய், அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்து, எழுதியது நான் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியுங்க சார். கீழ உங்க பேரு இருக்குதே. நீங்க மேசையக் குத்தினப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன், சூப்பிரண்டு பேசாம இருன்னுட்டாரு." பிறகு, "அறுநூத்திச் சொச்சம் எஸ்.ஆரு நான் ஒருத்தியே பாக்கறன் சார். ஒருத்தரு வூட்டுத் தாய்மாமனே இல்லன்னு வச்சிக்கச் சொல்லி எழுதுனா, இது வெளையாட்டுன்னு நான் எப்புடி நெனைப்பேன்?" என்றாள்.

அவள் தன் மேஜையிலிருந்த அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டாள்.

இன்னொன்றும் அந்தக் கோப்பில் இருக்கிறது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அனுப்பச் சொல்லிப் போன வருஷம் மே மாதம் உன் புருஷனுக்குப் பதிவுத் தபால் போயிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு அட்டையில் அவர் கையெழுத்து. பதில் எழுதவில்லை. ஆபீசும் அதற்குமேல் கேட்கவில்லை. இதைப் பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்கக் கூடாது. பழியை மொத்தமாக அவர் தலையில் போட்டு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். நன்றாக வந்திருந்தது. இரண்டு தடவை தபால்பெட்டி வரை எடுத்துக்கொண்டு போனேன்.

உனக்கு உண்மையை எழுதாமல் அந்தப் பதினேழு நாளும் நான் பயந்தது உனக்காக இல்லை. சூளைக்காரன் சொந்த மருமகளைக் கொன்றுவிட்டான் என்று ஊர் சிரிக்கும், அரசாங்கத்துக்குப் பொய் எழுதினான் என்று கேஸ் வரும், இதற்குத்தான் பயந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான், நீ தனியாக ஒரு விடுதியில் இருந்துகொண்டு நாளை எண்ணுகிறாய் என்பது மண்டையில் ஏறியது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறேன்.

பச்சமுத்து

*

விருத்தாசலம்,
16.8.2006

பூங்கோதைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன், நாள் இல்லை.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். விருத்தகிரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார், வாக்குமூலமாக எழுதச் சொல்லி. எழுதிக் கொடுத்தேன். வாசுகி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "சார், 'என் பாழும் பேனா இழைத்த கொடுமை'ன்னு போட்டா, பேனா வேற ஆளான்னு மேலேருந்து கேப்பாங்க." மறுபடி எழுதினேன். அதில் 'எமன் கையிலிருந்து மீண்டாள்' என்று வந்துவிட்டது. அப்படியென்றால் நடுவில் செத்திருந்தாரா என்று விருத்தகிரி கேட்டார். இப்படியே ஐந்து தாள் போயிற்று. வராந்தாவில் காத்திருந்த வாத்தியார்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஆறாவது தாளில் இருப்பது இது:

'ஆசிரியை பூங்கோதை உயிருடன் இருக்கிறார். 12.4.2005 தேதியிட்ட என் கடிதம் தவறு. அவர் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தை நான் அலுவலகத்தில் சேர்க்கவில்லை. இதில் அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.'

இதை எழுத எனக்கு ஒரு காலை முழுதும் ஆயிற்று.

அன்று பிற்பகல் குழு கூடியது. தீர்மானத்தை மாற்ற வேண்டாம், முதல் பக்கத்தில் என் பெயர், என் தகப்பன் பெயர் பக்கிரி, என் விலாசம் மூன்றும் அப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். குழுவிலிருந்தும் விலகிக்கொண்டேன். என் மதிப்பெண்களை அடித்துவிட்டு ஆண்டாள் டீச்சர் முதலிலிருந்து பார்க்கிறார். உறவினர் கடிதம் ஒன்றை மட்டும் நம்பி யாருடைய பதிவேட்டையும் முடிக்கக் கூடாது, அந்தப் பிரிவுக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும் என்று எழுதப் போகிறாராம். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "உனக்கு ரொம்ப நல்லா எழுத வரும்னு நெனச்சிக்கிட்டு இருந்தியே பச்சமுத்து" என்றார். கழகத் தலைவர் பதவியையும் கேட்பார்கள். கொடுத்துவிடுவேன்.

நீ 24ஆம் தேதி வியாழக்கிழமை நேரில் வந்து அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். குடும்ப அட்டை, பழைய பள்ளி அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றும் எடுத்து வா. அன்றே ஆணை போட்டுக் காலியிடப் பட்டியலிலிருந்து உன் பள்ளியை எடுத்துவிடுவதாக விருத்தகிரி சொல்கிறார்.

எங்கள் வீட்டில் தங்க உனக்கு இஷ்டமில்லை என்றால், ஆண்டாள் டீச்சர் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பச்சமுத்து

*

ஓசூர்,
19.8.2006

மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் இன்றைக்கு ஒன்றாக வந்தன. நான் நலம்.

அந்தப் பதிவுத் தபால் விஷயம் எனக்குத் தெரியும். இந்த மே மாதம் அவர் பீரோவை நான் சுத்தம் செய்தபோது, அவர் பேண்ட்டுகளுக்கு அடியில் கிடைத்தது. என் இறப்புச் சான்றை என் புருஷனிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரு வருஷமாக அதை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஜனவரியில் நான் ஆபீசுக்குக் கடிதம் எழுத, தபால்தலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கேட்டதற்கு, "நீ வேலைக்குப் போகவேணாம்னு நான் சொன்னா சண்டை வரும். அதுவா முடிஞ்சிருந்தது, வுட்டுட்டேன்" என்றார். மறுநாளே நான் விடுதிக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தின் தலைப்பில் 'பார்வை' என்று ஒரு வரி இருந்தது, மாமா. எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று சொல்கிற வரி. 'திரு. பச்சமுத்து, தாய்மாமன், கடிதம் நாள் 12.4.2005.'

அதனால் ஜூன் மாதம் நீங்கள் குழுவில் இருப்பதாக எழுதியபோது, அந்தக் காகிதம் எப்படியும் உங்கள் கைக்கு வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது மட்டும் தெரியவில்லை. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். தெரிந்தும் சொல்லாத இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று இருந்தேன். ஜூலைக் கடைசியில் அந்த அரைப் பக்கம் வந்தபோது, ஊருக்கு வருவதற்காக எடுத்து வைத்திருந்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இன்றைக்கு வெளியே எடுத்தேன்.

கோபம் இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஆபீசுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை, எனக்கு எடுத்தெழுதி அனுப்பியபடியே நான்கு தடவை படித்தேன். அதில் எமனுக்கு இடம் இருந்தது. எருமைக்கும் மணிக்கும் இருந்தது. குழந்தைக்கு இல்லை. நான் எழுதிய மூன்று வரியில் முதல் வரி அவள்தான். அதைத்தான் கிழித்துப் போட்டிருக்கிறீர்கள்.

அவள் ஏழு மணி நேரம் இருந்தாள், மாமா. பால் குடித்தாள். எனக்கு இரங்கல் கூட்டம் நடந்தது, பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், படத்துக்கு மாலை விழுந்தது. அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பதினாறு மாதத்தில் ஒருவர்கூட அவள் எப்படி இருந்தாள் என்று என்னிடம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். ஆண்டாள் டீச்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு நான் அவளைப் பற்றிச் சொல்வேன். அத்தையும் இருக்கட்டும். நீங்கள் நடுவில் ஒன்றும் பேசாமல் கேட்க வேண்டும்.

பூங்கோதை